எதிர்ப்பு சக்திக்கும் ஊர் உண்டு

ரத்தப் புற்றுநோய் என்று சீட்டில் எழுதிய நாளிலிருந்து அந்த வீட்டை ஓர் எண் ஆளத் தொடங்கிவிடுகிறது. அது வெள்ளணு எண்ணிக்கை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு வெளியே காத்திருப்பவர்கள் கடலூரிலிருந்து வந்திருந்தாலும் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்திருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் விசாரிப்பது "கவுன்ட் எவ்வளவு?" என்றுதான். நலமாக இருப்பவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் நிம்மதி. தாண்டினாலோ இறங்கினாலோ கலக்கம்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஒருவரின் எதிர்ப்பு சக்தியைப் பற்றிச் சொல்லக்கூடியது மிகக் கொஞ்சம். சிஎம்எல் எனப்படும் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா உள்ளவர் இரண்டு லட்சம் வெள்ளணுக்களோடு பஸ் பிடித்து வந்து வரிசையில் நிற்பார். இடப்பக்க வயிற்றில் மண்ணீரல் வீங்கிக் கனக்கும். காய்ச்சல், சளி என்று பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஏஎம்எல் எனப்படும் தீவிர மைலாய்டு லுகேமியா உள்ளவருக்கு எண்ணிக்கை 60,000 இருக்கும்; ஆனால் நிமோனியாவில் மூச்சு வாங்கும். மைலோமா நோயாளியின் ரிப்போர்ட்டில் 6,000 என்று அச்சாகியிருக்கும், எல்லைக்குள் கச்சிதமாக. அவரோ ஒரே ஆண்டில் இரண்டு மூன்று முறை நெஞ்சுச் சளிக்காக அட்மிட் ஆகியிருப்பார்.

சிஎம்எல்லில் பெருகுகிற செல்களில் பெரும்பகுதி முதிர்ந்தவை, கிருமியை விழுங்கத் தெரிந்தவை. ஏஎம்எல்லில் பெருகுபவை பிளாஸ்ட் எனும் முதிராத செல்கள். அறுபதாயிரத்தில் அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வேலைக்கு ஆகும் நியூட்ரோபில்கள், அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள், 500 கூடத் தேறாது. மைலோமாவில் ஒரே பிளாஸ்மா செல்லின் வம்சம் மஜ்ஜையை நிரப்பி ஒரே வகை ஆன்டிபாடியைக் கொட்டுகிறது. மற்ற ஆன்டிபாடிகள் வற்றிப்போகின்றன. அந்த வறட்சியை வெள்ளணு எண்ணிக்கையில் தேடினால் கிடைக்காது.

மார்பிலோ குடலிலோ வரும் புற்றுநோயில், கட்டி ஒரு பக்கம், அதை எதிர்க்கும் செல்கள் இன்னொரு பக்கம் என்று பிரித்துப் பார்க்கலாம். ரத்தப் புற்றுநோயில் நோயும் எதிர்ப்பும் ஒரே மஜ்ஜையில் பிறந்த பங்காளிகள். ஆகவே, கெடாமல் மிஞ்சியிருக்கும் செல்களுக்கு என்ன ஆகிறது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. அவை தளர்ந்ததால் நோய் வந்ததா, நோய் அவற்றைத் தளர்த்தியதா, மருந்து தளர்த்தியதா? இந்தக் கேள்விக்கு உலகம் பல பதில்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பாரிஸிலும் லண்டனிலும் அமெரிக்க நகரங்களிலும் அளந்தவை. அவற்றை அப்படியே கோரிமேட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்பது அடுத்த கேள்வி.

முதலில், எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். ஊதா மூடி போட்ட குழாயில் எடுத்த சிறிதளவு ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கரைத்துவிட்டு, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடிகளைச் சேர்க்கிறார்கள். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி19, என்கே எனப்படும் இயற்கைக் கொல்லி செல்லுக்கு சிடி56 என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் உண்டு. ஃப்ளோ சைட்டோமீட்டரில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரு லேசர் கதிரைக் கடக்கும். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளியாக விழும். நலமானவரின் படத்தில் லிம்போசைட்டுகள் ஒரு மூலையில் அடர்ந்த சிறு திட்டாகவும், நியூட்ரோபில்கள் பெரும் கூட்டமாகவும் பிரிந்து நிற்கும். ஏஎம்எல் நோயாளியின் படத்தில் அந்த இரண்டு இடங்களும் வெளிறிப்போய், வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் பகுதியில் பிளாஸ்ட் புள்ளிகள் அப்பியிருக்கும்.

இங்கேயே ஒரு கண்ணி இருக்கிறது. நூறு செல்லில் தொண்ணூறு பிளாஸ்ட் என்றால், டி செல்லின் விகிதம் தானாகவே தரைக்கு வந்துவிடும். மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று கணக்குப் போட்டால் அதே டி செல்கள் குறையாமல் இருக்கலாம், கூடியும் இருக்கலாம். விழுக்காட்டை மட்டும் வைத்து "டி செல்கள் சரிந்தன" என்று முடிவு கட்டும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் செல்லுக்குத் தெம்பு இருக்கிறதா என்பது வேறு விஷயம். பிடி-1, டிம்-3 போன்ற தடுப்புப் புரதங்களைச் சுமந்துகொண்டு, எதிரியைப் பார்த்தும் அசையாமல் நிற்கும் டி செல்களைச் 'சோர்ந்த செல்கள்' என்கிறார்கள். ரத்தக் குழாயில் கிடைக்கும் படமும் மஜ்ஜைக்குள் இருக்கும் நிலவரமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சிஎல்எல் எனும் நாள்பட்ட லிம்போசைட்டிக் லுகேமியாவில் இந்தச் சோர்வு நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. டி செல்கள் எண்ணிக்கையில் கூடுகின்றன. ஆனால் புற்று செல்லோடு ஒட்டி நின்று தாக்குதலைத் தொடங்கும் அந்தச் சந்திப்பு சரியாக அமைவதில்லை என்று லண்டனில் ஜான் கிரிபன் குழு 2008இல் காட்டியது. மேலை நாடுகளில் லுகேமியாக்களில் கால் பங்குக்கு மேல் சிஎல்எல்தான். இந்தியாவில் அது அரிது. நம் ஊரில் அதிகம் பார்ப்பது சிஎம்எல். அதுவும் அங்கே அறுபதை ஒட்டி வருவது இங்கே முப்பதுகளின் பின்பாதியிலும் நாற்பதுகளிலும் வந்துவிடுகிறது. குடும்பத்தைச் சுமக்கிற வயது. ஆக, உலகத்தில் அதிகம் ஆராய்ந்த நோய் ஒன்று, நம் வாசலில் அதிகம் நிற்கும் நோய் வேறொன்று.

சிஎம்எல்லில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2001இல் இமாடினிப் மாத்திரை வந்தபின் இந்நோயின் தலையெழுத்தே மாறியது. 2013 ஏப்ரல் 1 அன்று, அம்மருந்தின் கிளிவெக் வடிவத்துக்கு நோவார்டிஸ் கேட்ட காப்புரிமையை உச்ச நீதிமன்றம் மறுத்தது. மாதம் லட்சம் ரூபாயைத் தாண்டிய மருந்தின் பொது வடிவங்கள் இந்தியாவில் சில ஆயிரங்களுக்குக் கிடைத்தன. மாத்திரையை ஆயுளுக்கும் விழுங்க வேண்டுமா என்ற கேள்விக்கு பிரான்சில் விடை தேடினார்கள். ஃபிரான்சுவா-சாவியே மாஹோன் தலைமையிலான ஸ்டிம் ஆய்வில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் ரத்தத்தில் நோயின் மரபணுத் தடயமே தெரியாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். போதுமான காலம் கண்காணித்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஓராண்டு கழித்தும் நோய் திரும்பவில்லை. 2010இல் முடிவு வெளியானது. பிறகு 700க்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட யூரோ-ஸ்கி ஆய்விலும் இரண்டாண்டு முடிவில் பாதிப் பேர் மருந்தில்லாமல் இருந்தார்கள்.

நோய் திரும்பாதவர்களில் பலரிடம் புற்று செல்கள் முழுக்க அழிந்துவிடவில்லை. நுண்ணிய சோதனை செய்தால் தடயம் தெரிகிறது, ஆனால் பெருகவில்லை. எது அதைப் பிடித்து வைத்திருக்கிறது? மாத்திரையை நிறுத்தும் நேரத்தில் முதிர்ந்த என்கே செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று பிரான்சிலும் வட ஐரோப்பாவிலும் தனித்தனியாகக் கண்டார்கள். எதிர்ப்பு செல்களை அளப்பதற்கு ஒரு நோயாளியின் மாத்திரைப் பெட்டியோடு நேரடித் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தியபின் முதல் பல மாதங்களுக்கு மாதாமாதம் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் சோதனை செய்தே ஆக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டர் வந்து ரத்தம் கொடுத்துப் போகிறவருக்கு, விலையில்லாமல் கிடைக்கும் மாத்திரையைவிட அந்தச் சோதனைதான் பெரிய செலவு.

ஏஎம்எல்லில் கதை இவ்வளவு இதமாக இல்லை. புற்று செல்கள் தம்மைச் சுற்றி எதிர்ப்பை அடக்கும் சூழலை உண்டாக்குகின்றன. ட்ரெக் எனப்படும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கூடுகின்றன. நம் உடலை நாமே தாக்காமல் காக்கும் இச்செல்களைக் கண்டுபிடித்த ஷிமோன் சகாகுச்சிக்கும், அவற்றின் மரபணுவைக் கண்ட மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தது. காக்க வேண்டிய அதே செல்கள் இங்கே புற்றுக்குக் குடை பிடிக்கின்றன. என்கே செல்களின் மேற்பரப்பில் எதிரியை அடையாளம் காணும் ஏற்பிகள் ஏஎம்எல் நோயாளிகளிடம் மங்கிவிடுகின்றன என்பதை மார்சேய் நகர ஆய்வாளர்கள் முன்பே காட்டினார்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் உண்மையான மருந்து கீமோ அல்ல, கொடையாளரின் டி செல்கள்தான் என்பது 1990வாக்கில் உறுதிப்பட்டது. மியூனிக்கில் ஹான்ஸ்-யோகெம் கோல்ப், மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு சிஎம்எல் திரும்பியவர்களுக்குக் கொடையாளரின் லிம்போசைட்டுகளை ஏற்றியே நோயை அடக்கிக் காட்டினார். லுகேமியாவும் சும்மா இருக்கவில்லை. பாதி பொருந்திய உறவினரின் மஜ்ஜையைப் பெற்றவர்களில் சிலருக்கு, திரும்பி வந்த புற்று செல்கள் திசுப் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் எச்எல்ஏ மரபணுக்களில் பொருந்தாத பகுதியையே தூக்கி எறிந்திருந்ததை மிலான் ஆய்வாளர்கள் 2009இல் கண்டார்கள். கொடையாளரின் டி செல்கள் எதைப் பார்த்து அடையாளம் கண்டனவோ அதுவே அங்கே இல்லை. 2018இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் குழு, நோய் திரும்பியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இரண்டாம் வகை எச்எல்ஏ புரதங்கள் ஒடுங்கியிருப்பதைக் காட்டியது. இத்துறையில் நான் படித்தவற்றுள் மனதை விட்டு அகலாதவை இந்த இரண்டும்.

இதற்கெல்லாம் முன்னோடி ஒரு பிரெஞ்சுக்காரர், ஜார்ஜ் மாத்தே. வின்சா அணு உலை விபத்தில் கதிர்வீச்சுக்கு ஆளான யூகோஸ்லாவியர்களுக்கு 1958இல் பாரிஸில் மஜ்ஜை ஏற்றியவர். 1969இல் அவர் இன்னொன்று செய்தார். தீவிர லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவுக்குக் கீமோ முடித்த நோயாளிகளில் சிலருக்கு பிசிஜி தடுப்பூசியும், சிலருக்குக் கொன்ற லுகேமியா செல்களும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். கொடுக்காதவர்களுக்கெல்லாம் சில மாதங்களிலேயே நோய் திரும்ப, கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர் நெடுநாள் தப்பினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிரிட்டனில் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அதே பிசிஜி, அதே ஆண்டுகளில் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடம் நடத்திக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் பள்ளி மாணவர்களிடம் காசநோயிலிருந்து ஏறக்குறைய 80 விழுக்காடு பாதுகாப்பு தந்த தடுப்பூசி அது. 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்களைச் சிறு வயது முதல் சந்தித்துப் பழகிய உடல், தடுப்பூசியை வேறு விதமாக எதிர்கொள்கிறது என்பது இன்றுவரை முன்வைக்கப்படும் முக்கிய விளக்கம். ரத்தப் புற்றுநோயில் எதிர்ப்பு செல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் செங்கல்பட்டுப் பாடத்தை மறந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

நம் ஊர்க்காரரின் எதிர்ப்பு செல்கள் நோய் வருவதற்கு முன்பே வேறு அளவில் இருக்கின்றன. எச்ஐவி காலத்தில் இந்தியாவில் பல இடங்களில் நலமானவர்களின் சிடி4 வகை டி செல்களை எண்ணியபோது, சராசரி மேலை நாட்டு அளவைவிடக் குறைவாகவே வந்தது. புழுத் தொற்று இன்னொரு பக்கம். புதுச்சேரியில் 1975 முதல் இயங்கிவரும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம் யானைக்கால் நோயோடு மல்லுக்கட்டியே பெயர் பெற்றது. அந்த ஃபைலேரியா புழு உடலுக்குள் நெடுங்காலம் வாழ்வதே எதிர்ப்பை அடக்கித்தான்: எதிர்ப்பைத் தணிக்கும் ஐஎல்-10 புரதம் கூடும், ட்ரெக் செல்கள் கூடும், டி செல்கள் மந்தமாகும். லுகேமியா நோயாளியிடம் தேடுகிற அதே மாற்றங்கள். அறுபது வயது விவசாயிக்கு மைலோமா வந்து ட்ரெக் செல்கள் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால், அது மைலோமா செய்ததா, புழு செய்ததா, அந்த வயதுக்கு அதுதான் இயல்பா? ஐரோப்பிய ஒப்பீட்டு அளவை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது.

குழந்தைகள் விஷயத்திலும் வட்டாரத்தின் கை தெரிகிறது. மேலை நாட்டில் குழந்தைகளின் லிம்போபிளாஸ்டிக் லுகேமியாவில் டி செல் வகை ஏறக்குறைய 15 விழுக்காடு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மருத்துவர் வி. சாந்தாவின் காலத்து ஆய்வுகள் அதைவிட மிக அதிக பங்கைக் காட்டின. குழந்தைப் பருவத்தில் எந்தக் கிருமிகளை எப்போது சந்திக்கிறோம் என்பது எந்த வகை லுகேமியா வரும் என்பதையே மாற்றக்கூடும் என்ற வாதத்துக்கு இத்தகைய தரவுகள் வலு சேர்த்தன.

சிகிச்சையிலும் இதன் விளைவு உண்டு. லிம்போமாவுக்கும் மைலோமாவுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கிறோம். குடலில் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு பதுங்கியிருந்தால், ஸ்டீராய்டு தொடங்கியபின் அது உடலெங்கும் பரவி ஆளையே கொல்லும். ஐவர்மெக்டின் மாத்திரை முன்கூட்டியே கொடுத்தால் தடுக்கலாம். உறங்கிக்கிடந்த காசநோய் எழும்புவதும் அப்படியே. போர்டிசோமிப் ஊசி போட்டுக்கொள்ளும் மைலோமா நோயாளிக்கு அக்கி வராமல் இருக்க அசைக்ளோவிர் தருகிறார்கள். இன்னொரு மைலோமா மருந்தான டாராடுமுமாப், புற்று செல்லோடு சேர்த்து, சிடி38 சுமக்கும் என்கே செல்களையும் வழித்துக்கொண்டு போகிறது. ஸ்வீடனில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மைலோமா நோயாளிகளைப் பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, பாக்டீரியாத் தொற்றின் ஆபத்து ஏழு மடங்கு, வைரஸ் தொற்றின் ஆபத்து பத்து மடங்கு என்று தெரிந்தது. அது குளிர்நாட்டுக் கணக்கு.

கீமோவுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை நியூட்ரோபில் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் நிலைத்து நின்றாலே அவசரம். மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருந்து இழந்த உயிர்கள் ஏராளம். எதிர்ப்பு செல் ஆய்வுகளில் மிகப் பழையதும் எளியதுமான இந்த நியூட்ரோபில் எண்ணிக்கைதான், இன்றுவரை அதிகம் பேரைக் காப்பாற்றுகிறது.

புதிய வாசல் கார்-டி. நோயாளியின் டி செல்களை எடுத்து, சிடி19 புரதத்தை அடையாளம் காணும்படி மரபணுவை மாற்றி, பெருக்கி, திரும்ப ஏற்றுவது. ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொடக்க ஆய்வுகளில் மதிப்பிடக்கூடிய நோயாளிகளில் 73 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. அமெரிக்காவில் கோடிகளில் பேசும் சிகிச்சை இங்கே முப்பது நாற்பது லட்சம் அளவில் வந்திருக்கிறது. அதுவும் ஜிப்மர் வரிசையில் நிற்பவருக்கு எட்டாத தொகைதான். இதில் மருந்துக்கு மூலப்பொருளே நோயாளியின் டி செல். பல சுற்றுக் கீமோவில் அடிபட்டு, வயதாகி, சோர்ந்த செல்லை எடுத்தால் தயாரிப்பும் சோகையாகவே வரும். ஆகவே எந்தக் கட்டத்தில் செல்லை எடுப்பது என்ற கேள்விக்காகவாவது, நம் நோயாளிகளின் டி செல்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டும்.

இந்திய ஆய்வுகளில் பொதுவாகக் காணும் குறை ஒன்றுண்டு. முப்பது நாற்பது நோயாளிகள், அதே அளவு நலமானவர்கள், நோய் கண்டறிந்த அன்று ஒரே ஒரு ரத்த மாதிரி, முடிவில் ஓர் அட்டவணை. முதுநிலை மாணவரின் ஆய்வேடு முடிகிறது, தொடர்ச்சியும் அங்கே முடிகிறது. அதே நோயாளியைக் கீமோவுக்குப் பின், ஆறாம் மாதம், நோய் திரும்பும்போது என்று பின்தொடர்ந்தால் ஒழிய, காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க முடியாது. மாணவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூன்றாண்டுப் படிப்புக்குள் ஐந்தாண்டுக் கேள்வியைத் திணிக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் ஜிப்மர். நோயாளிகள் இருக்கிறார்கள், கருவி இருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிருந்து முதலில் வர வேண்டியது பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி, காரைக்கால் மக்களில் நலமானவர்களுக்கு வயதுவாரியாக டி, பி, என்கே, ட்ரெக் செல்கள் எத்தனை என்ற ஓர் அடிப்படை அட்டவணை வேண்டும். கூடவே அவர்களின் புழுத் தொற்று, காசநோய்த் தொற்று விவரமும் வேண்டும். ரத்த வங்கிக்கு வரும் கொடையாளர்களிடம் அனுமதி கேட்டு ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்தால் இளவயதினருக்கான பகுதி முடிந்துவிடும். முதியவர்களைக் கிராமங்களுக்குப் போய்த்தான் சேர்க்க வேண்டும். இதற்குப் பாராட்டு விழா நடக்காது, பெரிய இதழ்கள் போட்டி போட்டு வெளியிடாது. ஆனால் இந்த அட்டவணை இல்லாமல் "நம் நோயாளியின் எதிர்ப்பு செல்கள் மாறிவிட்டன" என்று எழுதும் எந்த ஆய்வேட்டையும், எதிலிருந்து மாறின என்று கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.